ஒரு ரோட்டர் நின்ற பிறகு

இன்னும் நிறுத்தவில்லை. புருஷோத்தமன் சாரின் கட்டைவிரல் அந்தக் கறுப்புப் பெட்டியின்மேல் ஒரு பொத்தானிலிருந்து இன்னொரு பொத்தானுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. நான்கு பொத்தான்கள், ட்ரோனின் நான்கு ரோட்டர் விசிறிகள், எதை நிறுத்துவது என்பது அவர் விருப்பம், எப்போது நிறுத்துவது என்பதும் அவர் விருப்பம், நான் அந்த விரலைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தால் என் முகத்திலிருந்து பைலட் சிக்கந்தருக்குத் தெரிந்துவிடும். எவருக்கும் தெரியாமல் ஒரு ரோட்டரை நிறுத்தினாலும் ட்ரோன் தானே கண்டறிந்து தானே சமாளித்து இறங்க வேண்டும் என்பதுதான் இன்றைய ஏற்பாடு. ஆகவே மேலே பார்க்கிறேன். ஒரு பனை உயரத்தில், வெளுத்த வானத்தின் நடுவே, நிற்கிறது. நிற்கிறது என்பதும் பிழையான சொல்; காற்றில் எதுவும் நிற்பதில்லை; சாய்கிறது, திருத்திக்கொள்கிறது, மீண்டும் சாய்கிறது, அந்தத் திருத்தங்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியவையாக இருப்பதால் நாம் அதை நிற்பது என்கிறோம். அதன் வயிற்றுப் பெட்டியில் இரண்டு தண்ணீர்ப் பைகள். ரத்தப் பைகளின் எடைக்கு எடை நிரப்பி, நானே தராசில் வைத்துப் பார்த்து, நானே மூடியை அழுத்தினேன். ஐப்பசி மழையில் ஒரு ரோட்டர் நின்றுபோய், எங்கள் முதல் ட்ரோன் மரவள்ளிக் காட்டில் தலைகீழாக விழுந்த நாளிலிருந்து, கல்வராயன் மலைக்கு ரத்தம் ஜீப்பில்தான் போகிறது. ஜீப் போகாத நாளில் போவதில்லை. மலைமேல் இருக்கும் செவிலியர் அஞ்சலை வாரம் ஒரு முறையாவது கூப்பிட்டுவிடுகிறாள். “எம்மா, ஒங்க தட்டான் எப்பதான் வரும்? இங்க மூணு பேரு மாசமா இருக்காங்க, மூணு பேருக்கும் ஒடம்புல ரத்தமே இல்ல.” வரும் அஞ்சலை, வரும் என்று நானும் சொல்லிவருகிறேன். வரும் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அந்த உரிமை, இந்தப் பழைய விமான ஓடுதளத்தில், கட்டிய கயிற்றுக்குப் பின்னால், தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டுக்கொண்டு நிற்கிற இந்த மனிதரிடம் இருக்கிறது. அவர் அனுமதிக் குழுவின் தலைவர். பணிக்காலம் முழுவதும் ஹெலிகாப்டர் ஓட்டியவர். ட்ரோன் வெள்ளை வட்டத்துக்குள் நிமிர்ந்தபடி இறங்கினால் பறக்கலாம், விழுந்தால் இல்லை. விழுந்தால் காட்டுவதற்கு எங்களிடம் வேறு ட்ரோனும் இல்லை. மூன்று இருந்தன, இரண்டு உடைந்து சாக்குப் பைகளில் இருக்கின்றன, மூன்றாவது மேலே இருக்கிறது.

சிக்கந்தரின் இரண்டு கட்டைவிரல்களும் ரிமோட்டின் இரண்டு குச்சிகளின்மேல் இருக்கின்றன. இருக்கின்றன என்றால், தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. ஒரு தாளை அந்த இடைவெளியில் செருகலாம். வலக்கைச் சுட்டுவிரல் மட்டும் மேல் விளிம்பிலுள்ள சிறு சுவிட்சின்மேல். அந்தச் சுவிட்சைத் தட்டினால் ட்ரோன் என் கையைவிட்டு அவன் கைக்குப் போகும். என் கை என்று சொல்வது தற்பெருமை. நான் எழுதிய நிரல் என்று சொல்ல வேண்டும். ஆனால் இந்த வெயிலில், இந்தக் கயிற்றின் பின்னால், நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும்போது என் கை என்றே சொல்லிக்கொள்கிறேன், சொல்லிக்கொள்வேன். எந்த நேரத்திலும் மனிதன் ஒருவன் கையில் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. விதி நல்ல விதிதான். நான்கு ரோட்டர்களும் ஓடும்வரை நல்ல விதி. ஒன்று நின்றுவிட்டால், அந்தச் சுவிட்சைத் தட்டிய கணத்தில் ட்ரோன், தனக்கு நான்கு கால் உண்டு என்று நம்பும் பழைய முறைக்குத் திரும்பும், இல்லாத காலை ஊன்றும், கவிழும். இதைப் படம் வரைந்து விளக்கினேன், இரண்டு முறை. “விளங்குதும்மா, ஆனா பைலட் கையில சுவிட்ச் இருக்கணும்,” என்றார் புருஷோத்தமன் சார், இரண்டு முறையும். தை மாதச் சோதனையில் விழுந்ததும் இதனால்தான். ரோட்டர் நின்றது, ட்ரோன் சுழலத் தொடங்கியது, அது சுழல வேண்டியதுதான், நான் அப்படித்தான் எழுதியிருந்தேன், ஆனால் சுழல்வதைக் கண்ட சிக்கந்தரின் சுட்டுவிரல் சுவிட்சைத் தட்டியது, இடது கட்டைவிரல் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் குச்சியைத் தள்ளியது, எல்லாம் முடிந்த பிறகுதான் அவனே தன் விரல்களைக் குனிந்து பார்த்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது அதைத்தான்: திரும்புகிறதா, எதிரே தள்ளு. விருத்தாசலத்தில் கல்யாண மண்டபங்களின் கூரைக்கும் தோரணத்துக்கும் நடுவே ட்ரோன் ஓட்டி, மணமகள் கழுத்து மாலையை உரசாமல் படம் எடுத்தவன். அவன் விரல்களுக்கு அவனைக் கேட்கிற வழக்கம் இல்லை. “அக்கா, நானா தள்ளலக்கா. அதுவா தள்ளிடுச்சு.” எனக்குத் தெரியும் என்றேன். அதற்குப் பிறகு அவன் வீட்டில் குச்சியில்லாத ரிமோட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மேசை விசிறி சுழல்வதைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்து பழகுகிறான் என்று அவன் மனைவி தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். “ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்கு ட்ரெயினிங்காம் மேடம். எங்க வீட்டுல அவரு ஏற்கெனவே அதுல பாஸ்தான்.”

ஒலி மாறிவிட்டது. கண்ணுக்கு முன் காது அறிந்துகொண்டது. நான்கு விசிறிகளின் ஒரே இழை அறுந்து, மூன்று வேறு வேறு இழைகளாகப் பிரிந்தது, அதே கணத்தில் ட்ரோன் ஒரு தோளைத் தொங்கவிட்டது. நிறுத்திவிட்டார். எதை என்று தெரியவில்லை, நல்லது, தெரிய வேண்டாம். ஓர் ஆள் உயரம் விழுந்தது. வலது முன்பக்கமா, இடது பின்பக்கமா, தேடாதே தமயந்தி, தேடுவது உன் வேலை அல்ல, தேடச் சொல்லி நீ எழுதியிருக்கிறாய், அது தேடட்டும்: சுழல்க என்ற கட்டளைக்குச் சுழலாத விசிறி எது, தள்ளச் சொன்ன பக்கம் தள்ளாத பக்கம் எது, அந்தப் பக்கம் செத்தது. கண்டுவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், கவிழவில்லை. தொங்கிய தோள் எழுந்தது, உடம்பு திரும்பத் தொடங்கியது, முதலில் ஒருவர் தலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு அதன் நான்கு கைகளும் ஒன்றாகக் கலந்து மங்கலான ஒரு தட்டாகத் தெரியும் அளவுக்கு. கயிற்றுக்குப் பின்னால் யாரோ, குழுவில் ஒருவர், “போச்சு” என்றார், கூட்டத்தில் சிற்றுண்டி தீர்ந்துபோனதைச் சொல்லும் அதே தணிந்த குரலில். போகவில்லை. சுழல்கிறது, போகவில்லை. இரண்டும் வேறு வேறு. இந்த இரண்டையும் வேறு வேறு என்று சொல்லிப் புரியவைப்பதற்குத்தான் என் இரண்டு ஆண்டுகள் சென்றன. “மேடம்,” என்கிறான் சிக்கந்தர். கண்ணை ட்ரோனிலிருந்து எடுக்காமல், உதடு மட்டும் அசைய. “மேடம், எடுக்கட்டுமா?”

வேண்டாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டும், நான்கு எழுத்து. அதற்குள் மனம் கணக்குப் போடுகிறது. வேண்டாம் என்று சொல்லி அது விழுந்தால், வேண்டாம் என்றவள் நான். எடு என்று சொல்லி அது விழுந்தால் விதிப்படி எடுத்தான், விழுந்தது, யார் மேலும் பிழையில்லை. பிழையில்லாமல் விழுவதற்கு ஒரு வழி என் சுட்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில், இன்னொருவனுடைய சுட்டுவிரலின் அடியில் இருக்கிறது. இதை நினைத்த மாத்திரத்தில் என் காது மடல்கள் சுடுகின்றன. என்னுடைய வேலை இது. விழுந்தாலும் என்னுடைய பிழையால் விழட்டும். மறுபடியும் முதலிலிருந்து: நான்கு விசிறிகளில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி, அதனால் முறுக்கு முறுக்கைத் தின்றுவிடுகிறது, உடம்பு திரும்பாமல் இருக்கிறது. ஒன்று நின்றால் முறுக்கு மிஞ்சும். உடம்பு திரும்பியே தீரும். நான்கு கைகளால் நான்கைப் பிடிக்கலாம்: உயரம், முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு, முகம் நோக்கும் திசை. மூன்று கைகளால் மூன்றைத்தான் பிடிக்கலாம். நான்கையும் பிடிக்க முயன்றவை எல்லாம் சாக்குப் பையில் இருக்கின்றன. எதை விடுவது? உயரத்தை விட முடியாது, சாய்வை விட முடியாது, முகத்தை விடலாம். எந்தப் பக்கம் பார்த்தால் என்ன? ரத்தப் பைக்கு முகம் உண்டா? விட்டுவிட்டேன். விட்டபின் காற்றே அதன் வேகத்துக்கு ஓர் எல்லை வைக்கிறது; அதற்குமேல் சுழலாது. சுழலும்போது ஒவ்வொரு கையும் மேற்குப் பக்கம் வரும்போது கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் ட்ரோன் கிழக்கே நகரும். வடக்குப் பக்கம் வரும்போது தள்ளினால் தெற்கே. எந்தக் கை என்பது கணக்கில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருக்கும் கை எதுவோ அது. இந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை, அப்படி ஒருபோதும் சொன்னதில்லை, சொல்கிறவர்களைத் திருத்தியிருக்கிறேன். உலகத்தில் பலர் எனக்கு முன்பே, சுத்தமான கூடங்களில், காற்று வராத அறைகளில், சுமையில்லாத சிறு ட்ரோன்களில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சுமையோடு, வெளியில், ஆடிக் காற்றிலும் பங்குனிப் புழுதியிலும், உள்ளூர்ப் பட்டறையில் வளைத்த குழாயோடு, இந்த ஒன்றைச் செய்ய வைத்தது நான். அதை வேறு யாரும் செய்யவில்லை. அதை நான் செய்தேன்.

“இது என்னம்மா கரகாட்டமா?” என்று கேட்டார் ஆய்வுக் கூட்டத்தில் ஒருவர், நான் முதல் படத்தை ஓட்டிக் காட்டியபோது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உவமைகள் பிடிக்காது. அவை கேட்பவருக்குப் புரிந்துவிட்டதுபோல் ஒரு மயக்கத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகின்றன. ஆனாலும் அன்று என் வாய் என்னைக் கேட்காமல், “ஆமா சார். குடம் விழுதான்னு மட்டும் பாருங்க,” என்றது. சிரிப்பு நின்றது. அந்த அமைதியை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். இரவு தோசைக்கு மாவு கரைக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொண்டேன். அதில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிறகு அந்தத் தலைசுற்றல், அது கூட்டத்துக்கு முன்பா பின்பா, முன்பு, ஆவணி மாதம், குளியலறையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சுவர் வலமாக ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, கண்ணை மூடினால் நானே ஓடினேன். காது மூக்குத் தொண்டை மருத்துவர், என்னைவிட இளையவர், என் தலையைத் திருப்பித் திருப்பிச் சோதித்துவிட்டுச் சொன்னார்: “எதிர்த்துப் பிடிக்காதீங்க. சுத்துனா சுத்தட்டும். தரை எங்க இருக்குன்னு மட்டும் உள்ளங்காலால தெரிஞ்சுக்குங்க.” இதிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். பொய். யோசனை அதற்கு முன்பே தாளில் இருந்தது. உள்ளங்கால் மட்டும் புதிது. குளிர்ந்த சிமெண்டுத் தரையில் உள்ளங்கால் இரண்டையும் பதித்துக்கொண்டு, சுவர் ஓடட்டும் என்று விட்டுவிட்டு நின்றபோது, கீழ் என்பது எது என்று உடம்புக்குத் தெரிந்தது. ட்ரோனுக்கும் அது தெரிய வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் பெட்டியைத் திறந்து, அசைவை அளக்கும் சில்லு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பெட்டியின் நடுவில் இருந்தது. எல்லாரும் பெட்டியின் நடுவில்தான் வைக்கிறார்கள். பெட்டியின் நடு வேறு, எடையின் நடு வேறு. வேகமாகச் சுழலும் பொருளில் எடையின் நடுவை விட்டு விலகி உட்கார்ந்திருக்கும் சில்லு வெளிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைச் சாய்வு என்று எண்ணிக்கொள்ளும். இல்லாத சாய்வைத் திருத்தப் போய் உண்மையாகவே சாயும். ஒரு நகத்தின் அகலம் நகர்த்தி ஒட்டினேன். அந்த நகத்தளவில்தான் இப்போது அது நிமிர்ந்திருக்கிறது. அதை யாரும் பார்க்க முடியாது. நான் பார்க்கிறேன்.

காற்று. தென்மேற்கிலிருந்து, புழுதியோடு, கயிறு அதிர்கிறது, புருஷோத்தமன் சார் தொப்பியைப் பிடிக்கிறார். ட்ரோன் நகர்கிறது. கயிற்றுப் பக்கம் அல்ல, எதிர்ப்பக்கம், வேலிக்காத்தான் புதர்களை நோக்கி, சுழன்றபடியே, யாரோ தட்டைத் தரையில் தேய்த்துத் தள்ளுவதுபோல். வட்டத்தை விட்டு வெளியே போகிறது. திரும்பும். மேற்குப் பக்கம் வரும் கை இப்போது குறைவாகவும் கிழக்குப் பக்கம் வரும் கை கூடுதலாகவும் தள்ளும், தள்ளியிருக்கும், தள்ளுகிறதா? இன்னும் போகிறது. காற்றை நான் கணக்கில் எடுத்திருக்கிறேன். இவ்வளவு காற்றையா? எடுத்திருக்கிறேன். செங்குத்தாக இருந்த அச்சு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, சாய வேண்டும், காற்றுக்கு எதிரே சாய்ந்தால்தான் நிற்க முடியும், ஆனால் இதைக் கண்டு அது கவிழப் போகிறது என்று நினைக்காதவர் யார், எனக்கே ஒரு கணம் தோன்றுகிறது, தோன்றிய அந்தக் கணத்தில் சிக்கந்தரின் சுட்டுவிரல் சுவிட்சின்மேல் வெளுக்கிறது. நகத்தின் அடியில் ரத்தம் விலகி வெளுக்கிறது. அழுத்துகிறானா, அழுத்தாமலிருக்க அழுத்துகிறானா? “அக்கா,” என்கிறான் இப்போது. அதிகாரிகள் நிற்கும் இடத்தில் அவன் என்னை மேடம் என்று மட்டுமே கூப்பிடுவான், அதை நான்தான் பழக்கினேன், இப்போது மறந்துவிட்டான். “அக்கா, என் வெரலு கேக்க மாட்டேங்குது.” நான் வாயைத் திறக்கிறேன். காற்று புழுதியை உள்ளே போடுகிறது.

சிக்கந்தர் குனிகிறான். ஏன் குனிகிறான்? இரண்டு கையாலும் ரிமோட்டைப் பிடித்து, தூங்கும் குழந்தையைப் பாயில் விடுவது போன்ற கவனத்தோடு, ஓடுதளத்தின் சிமெண்டில் வைக்கிறான். கைகளை எடுக்கிறான். நிமிர்கிறான். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டி, விரல்களை அக்குளுக்குள் ஒளித்துக்கொள்கிறான். என் பணியில் இதுவரை நான் கண்டிராத காட்சி இது. விசிறி சுழலும்வரை ரிமோட் கையை விட்டு இறங்கக் கூடாது. இது எழுதப்பட்ட விதிகளுக்கும் முந்தைய விதி. எதற்காகவும் அதைக் கீழே வைப்பதில்லை, கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டுக்கொண்டே தண்ணீர் குடிப்பார்கள். கண்டிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பயிற்சியில் இதைச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அவன் முகத்தைப் பார்க்கிறேன். தாடை இறுகியிருக்கிறது, கண்கள் மேலே, மேலே மட்டும். தன் கை தன் சொல் கேட்காது என்று தெரிந்தவன், கையையே வேலையிலிருந்து விலக்கிவிட்டான். கல்யாண மண்டபங்களின் தோரணங்களுக்கிடையில் ஒரு முறைகூட உரசாத கை. அதன் பெருமையை அவன் சிமெண்டில் வைத்திருக்கிறான். “பைலட்,” என்று புருஷோத்தமன் சாரின் குரல், உயரவில்லை, ஆனால் அதில் பழைய பாசறைகளின் பழக்கம் இருக்கிறது, “ரிமோட்டை எடுங்க. கன்ட்ரோலை எடுத்துக்குங்க.” சிக்கந்தர் அசையவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. “பைலட், உங்களைத்தான்.” இப்போது சிக்கந்தர் என்னைப் பார்க்கிறான். அவன் கேட்கவில்லை, கேட்க வேண்டியதை முன்பே கேட்டாயிற்று. “வேண்டாம்,” என்கிறேன். என் குரல் எனக்கே வறண்டு கேட்கிறது, மறுபடியும், இம்முறை புருஷோத்தமன் சாரின் பக்கம் திரும்பி, “எடுக்க வேண்டாம் சார். அது கன்ட்ரோல்லதான் இருக்கு.” அவர் என்னைப் பார்க்கிறார். தொப்பியின் நிழலுக்குள் கண்கள் தெரியவில்லை. “சுத்துதும்மா,” என்கிறார், மிக மெதுவாக, கெட்ட செய்தியைச் சொல்பவர்போல். “சுத்தட்டும் சார்.”

திரும்புகிறது. வேலிக்காத்தானுக்கு முன்னால், அதன் நிழல் முள்ளைத் தொட்டபடி, ஒரு கணம் தயங்கியது. பிறகு காற்றை எதிர்த்துச் சாய்ந்தபடி, சுழன்று சுழன்று, வந்த வழியே வருகிறது. ஓடி வரவில்லை. நடந்து வருகிறது. ஒருவர் காய்கறிப் பையோடு தெருவில் வருவதுபோல் சாதாரணமாக வருகிறது. இந்தச் சாதாரணத்துக்காகத்தான் நான் அத்தனை இரவுகள் விழித்திருந்தேன். அழுகை வருமோ என்று பார்த்தேன், வரவில்லை, அதுவும் நல்லது. அழுவதற்கு இது எனக்கு எதிர்பாராதது அல்லவே. வட்டத்தின் மேல் வந்து நிற்கிறது. இந்த முறை நிற்கிறது என்ற சொல்லை நான் திருத்தப்போவதில்லை. இறங்கு. அதற்கு இறங்கத் தெரியும். மூன்று விசிறிகளால் இவ்வளவு சுமையை நெடுநேரம் தாங்கக் கூடாது என்று தெரியும். பனை உயரம், கூரை உயரம், ஆள் உயரம். தரைக்கு அருகில் விசிறிக் காற்று தரையில் பட்டுத் திரும்பி மேலே தள்ளும், அந்தத் தள்ளலில் சிலது துள்ளும், துள்ளினால் காலொன்று மாட்டும், மாட்டினால் புரளும். அதற்காகத்தான் நான்கு கால்களுக்குப் பதில் ஒரு முழு வளையம் வைத்தேன், உளுந்தூர்ப்பேட்டைப் பட்டறையில் குழாய் வளைப்பவர், “என்னம்மா, பானைக்குப் பிரிமணை மாதிரில்ல கேக்குறீங்க,” என்றார். பிரிமணைதான் வேண்டும் என்றேன். வளையம் தரையைத் தொடுகிறது. சிமெண்டில் தேய்ந்து கீச்சிடுகிறது, வெள்ளைச் சுண்ணாம்பு புகையாக எழுகிறது, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அரைச் சுற்று. நின்றது. விசிறிகள் தளர்ந்து ஓய்ந்தன. மூன்றும் ஓய்ந்த பிறகுதான், வெகுநேரம் முன்பே ஓய்ந்திருந்த நான்காவது எது என்று பார்க்கிறேன். இடது பின்பக்கம். எடை கூடிய பக்கம் அதுதான், என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் அதைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன்.

யாரும் கை தட்டவில்லை. கை தட்டும் வழக்கம் இங்கே இல்லை. “போச்சு” என்றவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார். சிக்கந்தர் இன்னும் அக்குளிலிருந்து விரல்களை வெளியே எடுக்கவில்லை. “எடுக்கலாமாக்கா இப்ப?” என்கிறான். “எதை?” “கையைத்தான்.” எடு என்கிறேன். புருஷோத்தமன் சார் கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து வந்து ட்ரோனின் அருகில் குந்தி உட்கார்கிறார். அந்த வயதில் அப்படிக் குந்த முடிவது எனக்கு வியப்பாக இருக்கிறது. நின்றுபோன விசிறியை ஒரு விரலால் தள்ளிப் பார்க்கிறார். பெட்டியைத் திறந்து தண்ணீர்ப் பையை அழுத்திப் பார்க்கிறார். “எங்க வண்டியில வால் ரோட்டர் போய்ச் சுத்த ஆரம்பிச்சிருச்சுன்னா, அவ்வளவுதாம்மா,” என்கிறார், பையைப் பார்த்தபடி. “என்னோட படிச்சவன் ஒருத்தன் அப்படித்தான் போனான். சுத்துறதைப் பாத்தாலே எனக்கு.” முடிக்கவில்லை. அவர் விதியின் பின்னால் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கோபப்பட்ட நாட்கள் எல்லாம் கொஞ்சம் இடம் மாறி உட்கார்கின்றன. “உங்க வண்டிக்குள்ள ஆள் இருந்தாங்க சார். அவங்களுக்குத் தலை சுத்தும்,” என்கிறேன், முடிந்த அளவு மென்மையாக. “இதுல ரத்தம்தான். ரத்த வங்கி டாக்டரைக் கேட்டேன், சுத்துனா கெட்டுப்போகுமான்னு. நாங்களே இதைவிட வேகமாச் சுத்தித்தான் பிரிக்கிறோம், நீங்க பேசாம போங்கன்னுட்டாரு.” அவர் உதட்டோரம் ஏதோ நடக்கிறது, சிரிப்பு என்று முடிவு செய்கிறேன். பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, நான் எதிர்பார்த்திருந்த கேள்விக்கு வருகிறார். “சரி. ரெண்டு நின்னா?” “எதிரெதிரா ரெண்டு நின்னா, சுமையோட மிதக்க முடியாது சார், ஆனா நிமிந்தபடியே இறங்கும். கணக்குல இறங்குது, இன்னும் பறக்கவிட்டுப் பாக்கல.” “பக்கத்துப் பக்கத்துல ரெண்டு நின்னா?”

இதற்கு ஒரு விடை தயாராக இருக்கிறது, அலுவலகத்தில் எழுதித் தந்தது: அந்நிலை ஏற்படும் வாய்ப்பு மிகவும் குறைவு. பிழையில்லாத வாக்கியம். அதைச் சொன்னால் அவர் தலையசைப்பார். அஞ்சலையின் மூன்று பேர், ஜீப், சாக்குப் பைகள், எல்லாம் அந்த ஒரு தலையசைப்பில் முடிந்துவிடும். நான் எதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும். அது எங்கே முடிகிறது என்பதும் ஒரு முடி அகலம் பிசகாமல் தெரியும். அந்த எல்லையையும் நான்தான் அளந்தேன், அதுவும் என் வேலை, அதையும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். “விழும் சார்,” என்கிறேன். சிக்கந்தர் என் பக்கம் சட்டென்று திரும்புவது தெரிகிறது. “கட்டாயம் விழும். அதுக்கு என்கிட்ட வழி இல்ல. அதனாலதான் போற பாதையை ஊருக்கு மேல போடாம, ஆத்துப் படுகை மேலயே போட்டிருக்கேன்.” புருஷோத்தமன் சார் தொப்பியைக் கழற்றுகிறார். நெற்றியில் அதன் கோடு பதிந்திருக்கிறது. என்னைப் பார்க்கிறார், ட்ரோனைப் பார்க்கிறார், கல்வராயன் மலை இருக்கும் பக்கத்தை, இங்கிருந்து அது தெரியாது என்றாலும், பார்க்கிறார். “வியாழக்கிழமை அனுப்புங்க,” என்கிறார். “ரத்தத்தோடயே அனுப்புங்க. நான் முந்தின நாளே மேல போயிடுறேன். எறங்குற எடத்துல நான் நிக்கிறேன்.” நன்றி சொல்ல வேண்டிய இடம் இது என்று தெரிகிறது. அதைச் சொல்வதற்கு முன்பே என் வாய் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது: வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது சார், காற்று வரும் பக்கமாக, அஞ்சலை எங்கே நிற்கிறாளோ அங்கே நில்லுங்கள், அவள் காட்டுவாள், அவளுக்குத் தெரியும்.